புற்றுக்குப் பால்... தோலுக்கு விலை... கடிபட்டவருக்கு?

தோல் நகரங்களில் பாம்பு: சாமியாக, சரக்காக, சாவாக

சூடேறிய இரும்புத் தகடு மெல்ல இறங்குகிறது. கீழே விரித்துக் கிடப்பது மாட்டுத்தோல். சில விநாடி அழுத்தம், ஒரு பெருமூச்சு போன்ற சத்தம். தகடு எழும்போது மாட்டைக் காணோம், மலைப்பாம்பு படுத்திருக்கிறது. நடுவில் பெரிய செதில், விளிம்பை நோக்கிப் போகப்போகப் பொடிச் செதில். இதன்மேல் பழுப்பும் கறுப்புமாகச் சாயம் ஏறிவிட்டால், பழகிய கைகூட ஒரு கணம் தயங்கித்தான் தொடும்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஃபினிஷிங் யூனிட்டில் இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ‘பாம்பு பிரிண்ட்’ என்கிறார்கள். கைப்பை, பெல்ட், பெண்களின் காலணி என்று எங்கெங்கோ போகப்போகிற சரக்கு. எந்த நாட்டிலோ ஒருவர், பாம்பைத் தொடுகிற சிலிர்ப்புக்காகவே இதைக் காசு கொடுத்து வாங்குவார்.

அன்று ஆடி வெள்ளி. மெஷினில் தோலை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் வீட்டில், காலையிலேயே புற்றுக்குப் பால் ஊற்றியிருந்தார்கள். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, இரண்டு முட்டையையும் வாயருகே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதே கை, அதே நாள்: ஒருபக்கம் கும்பிட்ட உருவத்தை மறுபக்கம் தோலில் அச்சடிக்கிறது. இதில் முரண்பாடு எதையும் அவர் பார்க்கவில்லை. எனக்கும் அது முரண்பாடாகத் தோன்றவில்லை. மனிதன் பாம்பின்மேல் வைத்திருக்கிற பயமும் ஆசையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

என்னைத் தூங்கவிடாதது மூன்றாவது பாம்பு. இந்தத் தொழிலாளிகள் திரும்பிப் போகிற ஊர்களில், வரப்பிலும் வைக்கோல் போரிலும் பாய்க்கு அடியிலும் இருக்கிறதே, அந்த நிஜப் பாம்பு.

பெயரிலேயே சமாதானம்

என் பாட்டி விளக்கு வைத்த பிறகு ‘பாம்பு’ என்ற சொல்லை வாயில் எடுக்க விடமாட்டாள். ‘பூச்சி’ என்றுதான் சொல்ல வேண்டும். “பூச்சி பொட்டு இருக்கும், பாத்துப் போ” என்பாள். கூப்பிட்டால் வந்துவிடும் என்ற பயம். உலகத்தின் கொடிய விஷப்பாம்புகளில் ஒன்றுக்கு ‘நல்ல பாம்பு’ என்று பெயர் வைத்ததும் அதே மனசுதான். பயத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது: நான் உன்னை நல்லவன் என்கிறேன், நீ அப்படியே நடந்துகொள்.

கரையான் கட்டிய புற்றில் பாம்பு குடியேறுவதைப் பழமொழியாகவே சொல்லி வைத்திருக்கிறோம். அந்தப் புற்றிலேயே சாமியையும் குடியேற்றிவிட்டோம். மேல்மலையனூர் அங்காளம்மன் புற்று வடிவில் இருக்கிறாள். திருவாரூர் சிவனுக்குப் புற்றிடங்கொண்டார் என்றே பெயர். ஆம்பூரில் ஊருக்குள்ளேயே நாகநாத சுவாமி கோயில். அரசும் வேம்பும் பின்னிக்கொண்டு நிற்கிற மேடையில், இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்த நாகக்கல்லைப் பார்க்காமல் பாலாற்றங்கரை ஊர்களைக் கடக்க முடியாது. குழந்தை வேண்டி வைத்த கற்கள் அவை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு பெண்ணின் பல வருட அழுகை இருக்கிறது.

கோயிலுக்குப் போகாதவர்களும் தப்பவில்லை. தினசரி காலண்டரில் ஒன்றரை மணி நேரத்தை ராகு என்கிற பாம்பு எடுத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்றால், புதுக் கடைக்குப் பூஜை போடமாட்டார்கள், பெண் பார்க்கக் கிளம்பமாட்டார்கள். கல்யாணம் தள்ளிப்போனால் நாகதோஷம். பரிகாரத்துக்கு இந்த வட்டாரத்து மக்கள் எல்லை தாண்டி ஸ்ரீகாளஹஸ்திக்குப் போகிறார்கள். அந்த ஊர்ப் பெயரின் நடுவில் இருக்கிற ‘காள’மே பாம்புதான்: சிலந்தியும் பாம்பும் யானையும் சிவனைக் கும்பிட்ட தலம் என்பது ஐதீகம்.

தோஷத்துக்கு என் எதிர்ப்பு ஒன்றுதான். அது எப்போதும் பெண்ணின் ஜாதகத்தில்தான் முதலில் தேடப்படுகிறது. காலையில் ஷூவின் மேல்பகுதி தைத்து, மாலையில் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிற பெண்ணின் கல்யாணத்தை ஒரு பாம்புக் கட்டம் நிறுத்திவைக்கிறது.

ஒரே தெரு, வேறு வேறு பாம்பு

தோல் தொழில் எல்லா மதத்தாரையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்த தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் டேனரி முதலாளிகளில் இஸ்லாமியர் அதிகம். வேலை செய்கிறவர்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், இஸ்லாமியர் எல்லோரும் உண்டு. பக்கத்து பக்கத்து டேபிளில் உட்கார்ந்திருக்கிற அவர்களின் வேதங்களில் பாம்பு வேறு வேறு வேலை செய்கிறது.

பைபிளின் ஆதியாகமத்தில் ஏவாளை ஏமாற்றுவது சர்ப்பம். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே பைபிளின் எண்ணாகமத்தில், பாம்பு கடித்துச் சாகிற மக்களுக்காக மோசே ஒரு வெண்கலச் சர்ப்பத்தைச் செய்து கம்பத்தில் தூக்கி வைக்கிறார். அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள். பிற்காலத்தில் மக்கள் அந்த வெண்கலத்துக்கே தூபம் காட்ட ஆரம்பித்ததும், எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். யோவான் சுவிசேஷத்தில் இயேசு தான் உயர்த்தப்படப்போவதை அந்தச் சர்ப்பத்தோடுதான் ஒப்பிடுகிறார். ஒரே நூலில் பாம்பு கெடுக்கிறது, குணமாக்குகிறது, சாமியாகிறது, உடைபடுகிறது.

குர்ஆனில் ஆதம் நபியின் வரலாற்றில் பாம்பே இல்லை; மனதைக் கெடுப்பவன் ஷைத்தான்தான். அங்கே பாம்பு வருவது மூஸா நபியின் கைத்தடியில். ஃபிர்அவ்னின் முன்னிலையில் அந்தத் தடி பாம்பாக மாறி, சூனியக்காரர்களின் பொய் வித்தையை விழுங்குகிறது. வீட்டில் தென்படுகிற பாம்பை எடுத்தவுடன் அடிக்காமல் மூன்று நாள் எச்சரிக்கை கொடுக்கச் சொல்கிற ஹதீஸும் உண்டு. பாம்பைப் பார்த்ததும் கம்பைத் தேடுகிற நமக்கு, அந்த மூன்று நாள் பொறுமை பெரிய பாடம்.

சமண பௌத்தத்தில் பாம்பு குடை பிடிக்கிறது. சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் தலைக்குமேல் படம் விரிப்பவன் தரணேந்திரன். கழுகுமலைப் பாறையிலும் மேல்சித்தாமூர்க் கோயிலிலும் பார்க்கலாம். மழையில் தியானத்தில் இருந்த புத்தருக்குப் படம் விரித்தவன் முசலிந்தன். நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் இன்றும் பார்சுவநாதரும் மகாவீரரும் நிற்கிறார்கள். மதம் மாறியது, படமெடுத்த நாகம் அதே இடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே தீவில் இருக்கின்றன. மணி ஆசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைப் புத்தர் சமாதானம் செய்தார் என்பது பௌத்த மரபு. நம் மணிமேகலைக் காப்பியமும் மணிபல்லவத் தீவில் நடந்ததாக அந்தச் சண்டையைப் பேசுகிறது. இருபத்தாறு வருடப் போரைப் பார்த்த நிலத்தில் அந்தக் கதையைக் கேட்கும்போது மனசு கனக்கிறது.

■ பெட்டிச் செய்தி: உலகம் சுற்றும் பாம்பு

எகிப்து: அரசனின் மகுடத்தில் படமெடுத்த நாகம், காவல். அதே எகிப்தில் சூரியனை விழுங்கப் பார்க்கும் அபோபிஸ், பகை.

கிரேக்கம்: மருத்துவக் கடவுள் அஸ்கிளிபியஸின் கோலில் ஒற்றைப் பாம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பது இதுதான். இரண்டு பாம்பு பின்னிய கோல் வணிகத்துக்கும் பயணத்துக்கும் உரிய ஹெர்மஸுடையது. அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902-ல் அதைச் சின்னமாக எடுத்துக்கொண்டதிலிருந்து குழப்பம் பரவியது. நம் நாகக்கல்லைப் பார்த்தால் ஹெர்மஸின் கோல் மாதிரியே இருக்கும்.

மெக்சிகோ: இறகு முளைத்த பாம்பு குவெட்சால்கோட்டல், படைப்புக் கடவுள். அந்த நாட்டுக் கொடியில் கழுகின் வாயில் பாம்பு.

ஆஸ்திரேலியா: பூர்வகுடிகளின் வானவில் பாம்பு, நீரையும் நிலத்தையும் உண்டாக்கியது.

சீனா: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாம்பு ஆண்டு. கடைசியாக 2025 ஜனவரி 29-ல் பிறந்தது.

இத்தனை தேசத்திலும் ஏன் பாம்பு? ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. அது தோலை உரித்துவிட்டுப் புதிதாக வருகிறது. தமிழ் அதைச் ‘சட்டை’ என்கிறது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாகாமல் போகிற ஒரே உயிர் என்று ஆதி மனிதன் நினைத்திருக்க வேண்டும்.

சட்டைக்கு வந்த விலை

அந்தச் சட்டையை உயிரோடு உரிக்கிற காலமும் வந்தது. வேலூர் வட்டாரம் ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் பேர்போனது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் தொடங்கி குரோம் போட்டுப் பதனிடும் இன்றைய ‘வெட் ப்ளூ’ வரை அதுதான் அடித்தளம். பாம்புத்தோலின் வாசல் சென்னை. சாரை, நாகம், மலைப்பாம்பு, தண்ணீர்ப்பாம்பு எனப் பெருவாரியாகத் தோல்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின.

பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். வேலூர், திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என வடதமிழகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பழங்குடிகள். மண்ணில் ஒரு கோடு, புல்லில் ஒரு வளைவு, வளை வாயில் பளபளப்பு: அவர்களுக்கு இவை எழுத்து. அவர்கள் கும்பிடுவது கன்னியம்மாவை. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். பாம்பைத் தெய்வத்தோடு சேர்த்து நினைக்கிறவர்கள், வயிற்றுப்பாட்டுக்காக அதன் தோலை உரித்துக் கொடுத்தார்கள். கடையில் விற்ற கைப்பையின் விலையில் அவர்கள் கைக்கு வந்தது சில்லறை.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. பாம்புக்கு நல்லது, வந்தே ஆக வேண்டிய தடை. ஒரு சாரைப்பாம்பு வயலில் இருந்தால் எலித் தொல்லை எவ்வளவு குறையும் என்பது நெல் போடுகிறவருக்குத் தெரியும். ஆனால் தடை போட்ட கை, இருளர் வீட்டு அடுப்பைப் பற்றி யோசிக்கவில்லை. காட்டுக்குள் போனால் வழக்கு, வெளியே வந்தால் கூலியில்லை. மரம் வெட்டும் இடங்களிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாக விழுந்தவர்களில் இருளர்கள் ஏராளம். 2019-ல்கூட வேலூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து அப்படிப்பட்ட குடும்பங்களை அதிகாரிகள் மீட்டார்கள்.

தோலின் உண்மையான விலையில் டேனரிக் கழிவு கெடுத்த பாலாறும் சேர்த்தி என்று இந்த மண்ணிலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. கெடுத்தவரே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். பாம்புத்தோல் கணக்கில் இருளரின் நஷ்டத்தை யாரும் அப்படிச் சேர்க்கவில்லை.

விதிவிலக்காக ஒரு நல்லது நடந்தது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து முயன்றதில், 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோலுக்குப் பதில் விஷம். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் மண்பானைகளுக்குள் பாம்புகளை வைத்திருப்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு மட்டும். சுமார் நான்கு வாரத்தில் நான்கு தடவை விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விட்டுவிட வேண்டும். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்குமுன் 2017-ல் அவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய், அங்குள்ள சதுப்புக்காட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள்.

இரட்டைத் தலை என்கிற பொய்

ஒரு பாவப்பட்ட பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணுளி. விஷம் கிடையாது, கடிப்பதே அரிது, மண்ணுக்குள் தானுண்டு தன் எலியுண்டு என்று வாழ்கிறது. வாலும் தலை மாதிரி மொண்ணையாக இருப்பதால் ‘இரட்டைத் தலைப் பாம்பு’ ஆகிவிட்டது. வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், தீராத நோய் தீரும் என்று கிளப்பிவிட்ட கதையால் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடக எல்லைகளில் இதைக் கடத்துகிற கூட்டம் அவ்வப்போது பிடிபடுகிறது. எடை கூட்டிக் காட்டத் திணிக்கிற தீனியிலும் பையில் அடைத்த மூச்சுத்திணறலிலும் செத்துப்போகிறது. ஒரு சின்னம் உயிரைக் கொல்லும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பாலும் அப்படித்தான். பாம்பின் வயிற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வித்தைக்காரரின் கூடையில் நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் கிடந்தது, தாகத்தில் கிண்ணத்தில் வாய் வைக்கிறது. ‘பாம்புச் செவி’ என்கிறோம். அதற்கு வெளிக்காதே இல்லை. மகுடியின் அசைவுக்குத்தான் ஆடுகிறது. பழிவாங்கும் என்கிறோம், ‘நீயா?’ படம் வந்த 1979-லிருந்து அந்த நம்பிக்கை இன்னும் உறுதியாகிவிட்டது. பழிக்குப் பயந்து, ஒன்றை அடித்த பிறகு ஜோடியையும் தேடி அடிக்கிறார்கள்.

பாய்க்கு அடியில்

சின்னங்களைப் பற்றி எவ்வளவும் எழுதலாம். 2023 மே மாதம் நடந்த ஒன்று என்னை அதிலிருந்து இழுத்து வெளியே போட்டது.

வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கத்து மலைக் கிராமம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறங்க ஒழுங்கான சாலை இல்லை. மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றது. பெற்றவர்கள் பிள்ளையின் உடலைக் கையில் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் மலையேறி நடந்தார்கள். கீழே சமவெளியில், மேலைநாட்டு நவீன சிகிச்சைக்காக நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் ரயிலேறி வருகிற ஊர் இருக்கிறது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. பாம்புக்கடிக்கு எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து போதும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர்களில் அந்த மருத்துவர்களும் உண்டு. மருந்துக்கும் குழந்தைக்கும் நடுவில் இருந்தது ஒரு சாலை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக வருடத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்தில், வீட்டில், மழைக்காலத்தில். கால்வாசிக்கு மேல் பதினைந்து வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகள். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017-ல்தான். ஏன் இவ்வளவு தாமதம்? கடிபடுகிறவர் களையெடுக்கிறவர், செங்கல் அடுக்குகிறவர், தரையில் படுக்கிறவர். அவருடைய சாவு ‘விதி’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சொல்லை அவர் கையில் கொடுத்ததில் நம் புற்றுக்கும் பரிகாரத்துக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகும், பல்தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. பிறகு இமை தூக்க முடியாமல் சரியும், நாக்கு குழறும். ‘ஏதோ சேரல’ என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அதற்குள் மூச்சு நிற்கத் தொடங்கும். கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் உடனே தெரியும்; ரத்தம் உறையாமல் போய்ச் சிறுநீரகம் கெடும். இந்த நேரத்தில்தான் கோயில் பூசாரியும் மந்திரிக்கிறவரும் பாம்புக்கல்லும் பச்சிலையும் குறுக்கே வருகின்றன. மந்திரித்துப் பிழைத்தவர்கள் கதை ஊருக்கு நாலு இருக்கும். அவர்களைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கலாம். விஷப்பாம்பும் பல சமயம் விஷத்தை இறக்காமல் கடிப்பதுண்டு. பிழைக்காதவர் வந்து கதை சொல்வதில்லை.

■ பெட்டிச் செய்தி: கடித்துவிட்டால்...

108-ஐக் கூப்பிடுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள், ஓடவிடாதீர்கள்.

கடிபட்ட கை காலை அசையாமல் வையுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டலாம். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையலைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் இறுக்கும்.

கயிறு போட்டு இறுக்கக் கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். பாம்பைப் பிடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்காதீர்கள்.

எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விஷமுறிவு மருந்து நான்கு பாம்புக்கும் சேர்ந்ததுதான். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசிய செயல்திட்டம் வெளியிட்டது: 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனையும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில், எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் மருந்து அங்கே போகும், சாலையும் போகும்.

தோல் நகரங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதிகாலையில் கம்பெனி பஸ் பிடிக்க, மாதனூர், உமராபாத் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இருட்டில் வரப்பேறி வருகிற பெண்கள் காலில் ரப்பர் செருப்பு. நாளெல்லாம் அவர்கள் தைப்பது கணுக்கால் மூடிய ஷூக்களை. கண்ணாடி விரியன் பெரும்பாலும் கடிக்கிற இடம் பாதமும் கணுக்காலும்தான். ஷூ கம்பெனிகள் தங்கள் தொழிலாளிக்கு ஒரு ஜோடி பூட்ஸும் ஒரு டார்ச்சும் கொடுத்தால் என்ன? யாரும் நஷ்டப்பட்டுவிட மாட்டார்கள். இதை நான் வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

வடநெம்மேலியில் நான்காவது தடவை விஷம் எடுத்து முடித்ததும், பாம்பின் அடிவயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு வெட்டு வைப்பார்கள். ரத்தம் வராது, விஷம் கொடுத்து முடித்தது என்பதற்கு அடையாளம். பிறகு சாக்கில் கட்டி எடுத்துப்போய்க் காட்டோரம் அவிழ்த்துவிடுவார்கள். சில மாதம் கழித்து வேறு ஓர் இருளர் அதே பாம்பைப் பிடிக்கக்கூடும். திருப்பி, அடிவயிற்றைப் பார்ப்பார். வெட்டு இருந்தால், ஏற்கெனவே விஷம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். கையைத் தளர்த்துவார். பாம்பு புல்லுக்குள் போய்விடும்.